ஸ்போர்ட்ஸ் காருக்கு மாற்று டயர்: மிஷலின் பைலட் ஸ்போர்ட் 5-உடன் 14,000 கிலோமீட்டர்

பின்பக்க இடது டயரின் பள்ளத்துக்குள் விரல் நுனியை விட்டுத் தடவிப் பார்த்தேன். பள்ளத்தின் அடியில் குறுக்கே நிற்கும் சிறிய ரப்பர் மேடு, பக்கத்துப் பட்டனோடு, அதாவது சாலையைத் தொடும் ரப்பர் கட்டியோடு, ஏறத்தாழ ஒரே மட்டத்துக்கு வந்துவிட்டிருந்தது. அந்த மேட்டின் உயரம் 1.6 மில்லிமீட்டர். பட்டன் அதுவரை தேய்ந்துவிட்டால் டயரை மாற்றியே ஆக வேண்டும் என்பது பல நாடுகளில் சட்டம். ஆனால் மழைச்சாலையில் ஓட்டுகிறவருக்கு அந்த எல்லை மிகவும் தாமதமானது. புதிய டயரில் ஏழு, எட்டு மில்லிமீட்டர் ஆழமுள்ள பள்ளங்கள் வாரி வெளியேற்றும் நீரை, தேய்ந்துபோன இரண்டு மில்லிமீட்டர் பள்ளத்தால் வெளியேற்ற முடியாது. ஆழம் மூன்று மில்லிமீட்டரைத் தொட்ட அன்றே நான் கடைக்குப் போயிருக்க வேண்டும். போகாமல் விட்டது ஒரு தவறு. பிறகு அவசரமாகப் போய் வாங்கியது இன்னொரு தவறு. எனக்கும் என் காருக்கும் பொருந்திய டயருக்கு நான் வந்து சேர்ந்தது அதற்கும் பிறகுதான். அந்த வழியை முழுமையாக எழுதினால், இதே இடத்தில் நிற்கும் வேறொருவருக்கு ஒரு செட் டயரின் செலவாவது மிச்சமாகும் என்று நம்புகிறேன்.

என்னுடைய கார் 2012-இல் அறிமுகமான முதல் தலைமுறை டொயோட்டா 86. இரண்டு லிட்டர் பாக்ஸர் எஞ்சின், 200 குதிரைத்திறன், பின்சக்கர இயக்கம், ஏறத்தாழ 1,240 கிலோ எடை. தொழிற்சாலையிலிருந்து வரும்போது அதில் 215/45 ஆர் 17 அளவில் மிஷலின் பிரைமசி எச்.பி. டயர்கள் இருந்தன. எரிபொருள் சிக்கனத்துக்குப் பெயர்பெற்ற டொயோட்டா பிரியஸ் காரிலும் இதே மாதிரி டயர் பொருத்தப்பட்டிருந்ததால், ஒரு ஸ்போர்ட்ஸ் காருக்கு இது போதுமா என்று அன்று பலர் கேட்டார்கள். அது தெரிந்தே எடுத்த முடிவு. தலைமைப் பொறியாளர் டெட்சுயா டாடாவின் குழு இந்தக் காரை உருவாக்கியபோது, பிடிமானத்தின் உச்ச அளவை அவர்கள் குறிக்கோளாக வைக்கவில்லை. சாதாரணமான வேகத்திலேயே காரின் சமநிலை மாறுவதை ஓட்டுநர் உணர வேண்டும், ஸ்டியரிங்கையும் ஆக்சிலரேட்டரையும் கொண்டு அதை அவரே திருத்திக்கொள்ளவும் வேண்டும் என்று விரும்பினார்கள். இதை நான் படித்திருந்தும், புதிய டயர் வாங்கும் வேளையில் பொருட்படுத்தவில்லை. ஸ்போர்ட்ஸ் கார் என்றால் கிடைக்கும் டயர்களிலேயே அதிகம் ஒட்டுகிற டயரைப் போட வேண்டும் என்ற எண்ணம்தான் மனத்தில் இருந்தது.

ஆகவே முதலில் வாங்கியது, பந்தயத் தடத்துக்கும் பொதுச்சாலைக்கும் இடைப்பட்டதாக விற்கப்படும் ஒரு டயர். நிறுவனத்தின் பெயரைச் சொல்லத் தேவையில்லை. தான் எதற்காகச் செய்யப்பட்டதோ அந்த வேலையை அந்த டயர் நன்றாகவே செய்தது. அதன் பக்கவாட்டில் ‘ட்ரெட்வேர் 200’ என்று பொறித்திருந்தது. இந்த எண்ணைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். இது அமெரிக்க அரசின் தரக்குறியீட்டு முறையில் வருவது. 100 என்று வைத்துக்கொண்ட ஓர் ஒப்பீட்டு டயரைவிட எத்தனை மடங்கு மெதுவாகத் தேய்கிறது என்பதைக் காட்டுவது. ஆனால் சோதனையை நடத்தி எண்ணை அறிவிப்பவர் டயரைச் செய்த நிறுவனமே. அதனால் ஒரே நிறுவனத்தின் இரண்டு டயர்களை ஒப்பிட இது ஓரளவு உதவுமே தவிர, ஒரு நிறுவனத்தின் 300-ஐயும் இன்னொரு நிறுவனத்தின் 320-ஐயும் பக்கத்தில் வைத்து முடிவுக்கு வருவதில் பொருளில்லை. அதிலும் 200 என்பது தனி எண். ஆர்வலர்களுக்கான பல போட்டிகளின் விதிகளில் இதுவே குறைந்தபட்ச எல்லையாக இருப்பதால், அந்த எல்லையைத் தொட்டுக்கொண்டு நிற்கும்படியாகவே பல டயர்கள் வடிவமைக்கப்படுகின்றன. அந்த எண்ணைப் பார்த்ததுமே, இது முதலில் போட்டிக்கும் பிறகுதான் பொதுச்சாலைக்கும் என்று நான் புரிந்துகொண்டிருக்க வேண்டும்.

உலர்ந்த சாலையில், டயர் நன்றாகச் சூடேறிய பிறகு, அது பிடித்த பிடியைப் பற்றிக் குறை சொல்ல ஒன்றுமில்லை. ஸ்டியரிங்கை ஒரு விரற்கடை திருப்பினாலே காரின் மூக்கு திரும்பியது. ஆனால் நான் வேலைக்குப் போகும் பன்னிரண்டு கிலோமீட்டர் பயணத்தில் அந்த டயர் ஒருநாளும் முழுமையாகச் சூடேறவில்லை. குளிர்ந்த காலை நேரங்களில் முதல் ஐந்து கிலோமீட்டர் வரை அது மரக்கட்டை போல உருண்டது. சாலையின் இரைச்சல் கண்ணாடியை ஏற்றிய பிறகும் காதை விட்டுப் போகவில்லை. இவற்றையெல்லாம் பொறுத்துக்கொள்ளலாம். பொறுத்துக்கொள்ள முடியாதது ஒரு மழை நாளில் நடந்தது. எனக்கு நன்கு பழக்கமான ஒரு வலது வளைவில், வழக்கமான வேகத்தைவிடக் குறைவாகவே போய்க்கொண்டிருந்தேன். வளைவின் நடுவில் ஆக்சிலரேட்டரைச் சற்றே அழுத்தியபோது, பின்பகுதி எந்த முன்னறிவிப்பும் இல்லாமல் சட்டென்று வெளியே போயிற்று. எதிர்த்திசையில் ஸ்டியரிங்கைத் திருப்பியதாலும், மின்னணுக் கட்டுப்பாடு குறுக்கிட்டதாலும், எதிரே வண்டி ஏதும் வராததாலும் தப்பினேன். பழைய பிரைமசியும் அதே வளைவில் நழுவியதுண்டு. ஆனால் அது நழுவுவதற்கு முன்பே இருக்கையின் அடியில் ஒரு மெல்லிய தளர்ச்சி தெரியும். ஸ்டியரிங்கின் கனம் கொஞ்சம் குறையும். நான் காலை எடுக்க நேரம் இருக்கும்.

அன்று மாலை வீட்டுக்கு வந்து காரை நிறுத்திய பிறகுதான் ஸ்போர்ட்ஸ் காருக்கு டயர் தேர்ந்தெடுப்பது எப்படி என்று எனக்குப் புரிந்தது. ஒரு டயர் எவ்வளவு பிடிக்கிறது என்பது இரண்டாவது கேள்விதான். பிடியை விடப்போகிறேன் என்பதை அது எவ்வளவு முன்கூட்டியே, எவ்வளவு தெளிவாகச் சொல்கிறது என்பதை முதலில் கேட்க வேண்டும். நாம் உண்மையில் ஓட்டும் சாலையிலும், அந்தச் சாலையின் வெப்பத்திலும் ஈரத்திலும் அது இதைச் செய்ய வேண்டும்.

ரப்பர் சாலையைப் பிடிப்பது இரண்டு வழிகளில் நடக்கிறது. சாலையின் மேற்பரப்பிலுள்ள கற்துகள்களின் மேல் ரப்பர் அமுங்கி, மேடுபள்ளங்களுக்குள் புகுந்து, மீண்டும் பழைய வடிவுக்குத் திரும்பும்போது முழு வேகத்தில் திரும்புவதில்லை. அந்தத் தாமதத்தில் ஆற்றல் இழக்கப்படுவதால்தான் பிடிமானம் உண்டாகிறது. இன்னொன்று, ரப்பரின் மூலக்கூறுகள் உலர்ந்த சாலைப் பரப்போடு நேரடியாக ஒட்டிக்கொள்வது. நடுவில் ஒரு நீர்ப்படலம் வந்துவிட்டால் இரண்டாவது வழி பெரும்பாலும் அடைபட்டுவிடும். முதல் வழியைத்தான் நம்பியிருக்க வேண்டும். அந்த முதல் வழியோ ரப்பர் கலவை தன் வேலைக்கேற்ற வெப்பநிலையில் இருந்தால்தான் நடக்கும். அதிக வெப்பத்துக்காகக் கலந்த ரப்பர் குளிர்ந்த ஈரச்சாலையில் விறைத்துப்போய் நிற்பதும், பிடி போகும்போது மொத்தமாகப் போவதும் இதனால்தான். மிஷலின் 1992-இல் கரிப்பொடிக்குப் பதிலாகப் பெருமளவு சிலிக்கா கலந்த டயர்களைக் கொண்டுவந்த பிறகு, ஈரச்சாலைப் பிடிமானமும் எளிதாக உருளும் தன்மையும் ஒரே டயரில் சேர்ந்து கிடைப்பது சாத்தியமாயிற்று. இன்று நல்ல சாலை டயர்கள் அனைத்தும் ஏதோ ஒரு வகையில் அந்த வழியில் வந்தவையே. குளிர்காலம் கடுமையாக இருக்கும் இடங்களில் ஓட்டுகிறவர்கள் இன்னொன்றையும் நினைவில் வைக்க வேண்டும். வெப்பநிலை 7 டிகிரி செல்சியசுக்குக் கீழே இறங்கினால் எந்தக் கோடைக்கால டயரும் தன் பிடியை இழக்கத் தொடங்கிவிடும். அவர்களுக்கு மலையும் பனித்துகளும் பொறித்த குறியுள்ள குளிர்கால டயர் தனி செட்டாகவே வேண்டும்.

இரண்டாம் முறை கடைக்குப் போவதற்கு முன், கழற்றப்போகும் டயர்களை முதலில் படித்துப் பார்த்தேன். தேய்ந்த டயர், காரின் உடல்நிலையை அப்படியே காட்டிவிடும். நடுப்பகுதி மட்டும் தேய்ந்திருந்தால் காற்று அதிகம். இரண்டு ஓரங்களும் தேய்ந்திருந்தால் காற்று குறைவு. உள் ஓரம் மட்டும் தேய்ந்திருந்தால் சக்கரத்தின் சாய்வையோ திசையையோ பார்க்க வேண்டும். என் பின்டயர்களின் உள் ஓரத்தில் கையை ஒரு பக்கமாகத் தடவினால் வழவழப்பாகவும், எதிர்ப்பக்கமாகத் தடவினால் அரம் போலவும் இருந்தது. பட்டன்களின் ஒரு விளிம்பு மட்டும் கூராக நின்றதே காரணம். சக்கரங்கள் நேராக உருளாமல் சற்றே பக்கவாட்டில் இழுபட்டுக்கொண்டு வந்திருக்கின்றன என்று இதற்குப் பொருள். அலைன்மென்ட் சரிசெய்யாமல் புதிய டயர் போட்டிருந்தால், அதுவும் சில ஆயிரம் கிலோமீட்டரில் இதே கதிக்கு ஆளாகியிருக்கும். டயர் மாற்றிய அன்றே அலைன்மென்ட்டும் பார்க்க வேண்டும் என்று எல்லாரும் சொல்வார்கள்; அதற்கு முன்பே பழைய டயரைக் கையால் தடவிப் பார்த்துவிட்டுப் போனால், எதைச் சரிசெய்யச் சொல்ல வேண்டும் என்பது நமக்கே தெரிந்திருக்கும்.

அடுத்து அளவு. காரின் கதவுத் தூணில் ஒட்டியிருக்கும் அட்டையில் 215/45 ஆர் 17, 87 டபிள்யூ என்று இருக்கிறது. 215 என்பது மில்லிமீட்டரில் அகலம். 45 என்பது அந்த அகலத்தில் பக்கவாட்டு உயரத்தின் சதவீதம். 17 என்பது அங்குலத்தில் ரிம்மின் விட்டம். 87 என்றால் ஒரு டயர் 545 கிலோ வரை தாங்கும். டபிள்யூ என்றால் மணிக்கு 270 கிலோமீட்டர் வரை அனுமதி. வி என்றால் 240, ஒய் என்றால் 300. எடைத் தாங்கு எண்ணையும் வேக எழுத்தையும் அட்டையில் இருப்பதற்குக் கீழே இறக்கக் கூடாது, மேலே போகலாம். அகலத்தை 225 ஆக்கலாமா என்று எனக்கும் ஆசை வந்தது, பலரும் செய்கிறார்கள். கணக்குப் போட்டுப் பார்த்தேன். 215/45 அளவின் முழு விட்டம் 625 மில்லிமீட்டர். 225/45 அளவுக்கு 634. ஒன்பது மில்லிமீட்டர் வேறுபாடு என்றால் சுமார் ஒன்றரை சதவீதம். கியர் விகிதம் அந்த அளவுக்கு நீண்டதாகிவிடும். ஸ்பீடோமீட்டர் காட்டுவதைவிட உண்மையான வேகம் அதே அளவு கூடும். சக்கரத்தின் எடையும் கூடும். 200 குதிரைத்திறன் உள்ள காருக்கு இதில் எதுவும் நன்மையில்லை.

அகலமான டயர் என்றால் சாலையில் அதிக ரப்பர் படும் என்ற நம்பிக்கையும் முழு உண்மையன்று. சாலையைத் தொடும் பரப்பை முக்கியமாக நிர்ணயிப்பவை சக்கரத்தின் மேல் இறங்கும் எடையும் காற்றழுத்தமும்தான். என் காரின் எடையை நான்காகப் பிரித்து, 35 பி.எஸ்.ஐ. அழுத்தத்தால் வகுத்தால், ஒரு சக்கரத்துக்குத் தோராயமாக 130 சதுர சென்டிமீட்டர், அதாவது விரல்களைச் சேர்த்துவைத்த ஒரு கையளவு. அகலத்தைக் கூட்டினால் அந்தக் கையளவு பரப்பின் வடிவம் மாறுகிறது. நீளம் குறைந்து அகலம் கூடுகிறது. வளைவுகளில் அதனால் நன்மை உண்டு. தேங்கிய நீரில் ஓடும்போது அதுவே பாதகம். ஒரே நேரத்தில் அதிக அகலத்துக்கு நீரை ஒதுக்க வேண்டியிருப்பதால், டயர் நீரின்மேல் மிதக்கத் தொடங்கும் வேகம் குறைந்துவிடுகிறது. அந்த மழை நாளுக்குப் பிறகு எனக்கு எது முக்கியம் என்பதில் ஐயம் இருக்கவில்லை. 215-இலேயே நின்றேன்.

இந்த அளவில் உயர்திறன் கோடைக்கால வரிசை என்று பார்த்தால், மிஷலின் பைலட் ஸ்போர்ட் 5, குட்இயர் ஈகிள் எஃப் 1 அசிமெட்ரிக் 6, பிரிட்ஜ்ஸ்டோன் பொட்டென்சா ஸ்போர்ட் போன்றவை ஒரே வகுப்பைச் சேர்ந்தவை. எல்லாமே சாலைக்கென்று பிறந்தவை. எல்லாமே ஈரச்சாலையையும் கருத்தில் கொண்டவை. ஐரோப்பிய ஒன்றியத்தின் டயர் முத்திரை இங்கே ஓரளவு கைகொடுக்கும். 2012-இல் தொடங்கி, 2021 மே மாதத்தில் திருத்தப்பட்ட அந்த முத்திரையில், உருளும்போது வீணாகும் ஆற்றலுக்கும் ஈரப் பிடிமானத்துக்கும் ஏ முதல் ஈ வரை வகுப்புகள் உண்டு. வெளியே கேட்கும் இரைச்சலும் டெசிபல் அளவில் இருக்கும். ஆனால் ஈரப் பிடிமான வகுப்பு, புதிய டயரை ஈரச்சாலையில் பிரேக் பிடித்து அளந்தது. வளைவில் அது எப்படி நடந்துகொள்ளும், பாதி தேய்ந்த பிறகு என்ன ஆகும், பிடியை எப்படி விடும் என்பதையெல்லாம் முத்திரையில் தேடினால் கிடைக்காது. அதற்குப் பல டயர்களை ஒரே காரில், ஒரே தடத்தில், ஒரே நாளில் ஓட்டி எழுதும் இதழ்களின் ஒப்பீடுகளைத்தான் படிக்க வேண்டும். அவற்றிலும் முதலிடம் யாருக்கு என்பதை நான் பார்ப்பதில்லை. ஓட்டியவர் எழுதியிருக்கும் வரிகளில் ‘படிப்படியாக’, ‘சட்டென்று’ என்ற இரண்டு சொற்களைத் தேடுகிறேன்.

நான் பைலட் ஸ்போர்ட் 5-ஐத் தேர்ந்தெடுத்தேன். 2022-இல் பைலட் ஸ்போர்ட் 4-க்கு அடுத்ததாக வந்த டயர் இது. என் அளவில் 91 ஒய் என்ற குறியீட்டில் கிடைக்கிறது. கார் கேட்பதைவிட ஒரு படி வலுவானது. சாலையைத் தொடும் முகப்பில் உள்பாதியும் வெளிப்பாதியும் வெவ்வேறாக இருக்கின்றன. காருக்கு உட்புறமாக வரும் பாதியில் நீரை வெளியேற்றுவதற்கான பள்ளங்கள் அதிகம். வெளிப்புறமாக வரும் பாதியில் பட்டன்கள் பெரியவையாகவும் விறைப்பானவையாகவும் இருந்து, வளைவில் காரின் எடை வெளிப்பக்கம் சாயும்போது தாங்கிக்கொள்கின்றன. முகப்பின் அடியில் அராமிட், நைலான் இரண்டும் கலந்து முறுக்கிய இழைப்பட்டை ஓடுகிறது. வேகத்தில் டயர் விரிந்து வடிவம் மாறாமல் அது இழுத்துப் பிடிக்கிறது.

பொருத்திய முதல் முந்நூறு கிலோமீட்டரில் எந்த முடிவுக்கும் வராமல் பொறுமையாக ஓட்டினேன். புதிய டயரின் மேல்தோலில் அச்சிலிருந்து எளிதாகக் கழன்று வருவதற்காகத் தடவிய பொருளின் எச்சம் இருக்கும். அது தேய்ந்து போகும் வரை பிடி முழுமையாக வராது. அதற்குப் பிறகு முதலில் கவனத்துக்கு வந்தது பிரேக். நின்றுபோகும் தூரம் குறைந்தது என்பதைவிட, பிரேக் பிடிக்கும்போது சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் தடுக்கும் ஏ.பி.எஸ். குறுக்கிடுவதற்கு முன்பு பெடலில் எனக்குக் கிடைத்த இடம் அதிகமானது என்று சொன்னால் சரியாக இருக்கும். ஸ்டியரிங்கைத் திருப்பும் முதல் நொடியில், தடத்துக்கான அந்த முந்தைய டயரின் கூர்மை இதில் இல்லை. பொதுவாகவே இந்த வகுப்பு டயர்களின் பட்டன் ஆழமானது, பக்கவாட்டு சற்று நெகிழ்வானது. அதனால் காரின் மூக்கு திரும்புவதற்கு முன் ஒரு மூச்சளவு இடைவெளி இருக்கும். அந்த நெகிழ்வுதான் அறிவிப்பையும் சுமந்துவருகிறது என்பதை உணர்ந்த பிறகு அதைக் குறையாக நினைக்கத் தோன்றவில்லை.

அந்த வலது வளைவுக்கு மீண்டும் மழையில் போனேன். முதல் முறை வேண்டுமென்றே மெதுவாக. பிறகு சில வாரங்களில் என் பழைய வேகத்துக்கு வந்தேன். வளைவின் நடுவில் சாலையை ஒட்டுப்போட்ட ஓர் இடம் இருக்கிறது, அதில் எப்போதும் விரல் தடிமன் நீர் நிற்கும். பின்சக்கரம் அதைக் கடக்கும் நொடியில், முதலில் இருக்கையின் இடது ஓரத்தில் ஒரு மெல்லிய அசைவு வந்தது; பிறகு ஸ்டியரிங் கையில் இலேசானது; அதற்கும் பிறகுதான் பின்பகுதி ஒரு கையகலம் வெளியே நகர்ந்தது. காலைச் சற்றுத் தளர்த்தியதும் கார் தானாகவே கோட்டுக்குத் திரும்பியது. இத்தனைக்கும் அந்த நேரத்தில் நான் பயப்படவில்லை, கவனித்துக்கொண்டிருந்தேன். இந்தக் காரைச் செய்தவர்கள் விரும்பியதும் இதுதான் என்று அப்போது தோன்றியது. பிரைமசியைவிட எல்லா நிலையிலும் கூடுதல் பிடியும், பிரைமசிக்கு இருந்த அதே பேச்சும் ஒரே டயரில் கிடைத்திருக்கின்றன. இரைச்சலைப் பொறுத்தவரை, உரசல் ஒலி உண்டு. உரக்கப் பேச வேண்டிய அவசியமில்லை.

கடையில் நடந்த ஒன்றையும் சொல்ல வேண்டும். நான் முதலில் கேட்ட கடையில் எடுத்துவைத்த நான்கு டயர்களில் இரண்டு ஒரு தேதியிலும், மற்ற இரண்டு அதற்கு மூன்றாண்டுகளுக்கு முந்தைய தேதியிலும் செய்தவை. பக்கவாட்டில் நீள்வட்டத்துக்குள் நான்கு இலக்கங்கள் இருக்கும். முதல் இரண்டு வாரத்தையும் அடுத்த இரண்டு ஆண்டையும் குறிக்கும். 2319 என்றால் 2019-ஆம் ஆண்டின் 23-ஆவது வாரம். ஒரு பக்கத்தில் மட்டுமே இந்த முழு எண் இருக்கும் என்பதால் டயரைப் புரட்டிப் பார்க்க வேண்டியிருக்கும். கடைக்காரர் பொதியே பிரிக்கவில்லை, புதியதுதான் என்றார். பொதி பிரிக்காவிட்டாலும் ரப்பருக்கு வயதாகும். நான்கும் ஒரே ஆண்டில் செய்தவையாக வேண்டும் என்று சொல்லிவிட்டு வேறு கடைக்குப் போய்விட்டேன்.

ஸ்போர்ட்ஸ் கார் வைத்திருப்பவர்கள்தான் இந்த வயதை மற்றவர்களைவிட அதிகமாகக் கவனிக்க வேண்டும். ஆண்டுக்கு மூவாயிரம், நாலாயிரம் கிலோமீட்டர் மட்டும் ஓடும் காரில் பட்டன் தேயாது. பார்வைக்கு டயர் புதிதாகவே இருக்கும். உள்ளே ரப்பர் கெட்டிப்பட்டுக்கொண்டிருக்கும். நடிகர் பால் வாக்கர் 2013 நவம்பரில் உயிரிழந்த விபத்தை விசாரித்த அதிகாரிகள், அளவுக்கு மீறிய வேகத்தை முதன்மைக் காரணமாகச் சொன்னார்கள். அந்த போர்ஷே கரேரா ஜிடி காரின் டயர்கள் ஒன்பது ஆண்டுகள் பழையவை என்பதையும், அது காரின் நடத்தையைப் பாதித்திருக்கக்கூடும் என்பதையும் அவர்கள் பதிவு செய்தார்கள். ஐந்து ஆண்டு கடந்த டயரை ஆண்டுதோறும் டயரைப் பற்றி விவரம் தெரிந்தவரிடம் காட்ட வேண்டும், பத்து ஆண்டு ஆனால் பட்டன் எவ்வளவு இருந்தாலும் கழற்றிவிட வேண்டும் என்பது மிஷலினே தரும் அறிவுரை. என் காருக்கு நான் வைத்துக்கொண்ட எல்லை ஆறு ஆண்டு.

பொருத்தும்போது பக்கத்தில் நின்று பார்ப்பது நல்லது. இரு பாதியும் வேறுபட்ட டயரில் ‘வெளிப்புறம்’ என்று பொருள்படும் சொல் பொறித்திருக்கும். நான்கு சக்கரங்களிலும் அது வெளியே தெரிய வேண்டும். சுழலும் திசை காட்டும் அம்புக்குறி உள்ள டயராக இருந்தால் இடம், வலம் மாறக் கூடாது. புதிய டயரில் மஞ்சள் புள்ளி இருந்தால் அது டயரின் எடை குறைந்த இடம். அதை வால்வுக்கு நேராக வைத்தால் பேலன்சிங்குக்குக் குறைந்த ஈயமே போதும். நட்டுகளை இறுக்கும் இயந்திரத்தால் கடைசிவரை இறுக்க விடக் கூடாது. கையேட்டில் சொன்ன அளவுக்கு இறுக்கத்தை அளந்து காட்டும் டார்க் ரெஞ்சால் இறுக்கி, நூறு கிலோமீட்டர் ஓடிய பிறகு ஒருமுறை சரிபார்க்க வேண்டும். காற்றை டயர் குளிர்ந்திருக்கும்போதுதான் பார்க்க வேண்டும். வெப்பநிலை 10 டிகிரி மாறினால் அழுத்தம் ஒன்றரை முதல் இரண்டு பி.எஸ்.ஐ. வரை மாறும் என்பதால், பருவம் மாறும்போது காற்றையும் பார்த்தாக வேண்டும். நான் தரமான ஒரு அளவுகருவியை வாங்கி, மாதம் இருமுறை காலையில் பார்க்கிறேன். முன்டயர்களில் இரண்டு பி.எஸ்.ஐ. குறைந்தாலே இந்தக் கார் வளைவில் சோம்பலாகிவிடுவது கைக்குத் தெரிகிறது.

இரண்டு டயர் மட்டும் மாற்றும் நிலை வந்தால், எந்தச் சக்கர இயக்கமாக இருந்தாலும் புதியவை பின்பக்கம்தான் போக வேண்டும். முன்பக்கம் வழுக்கினால் கார் நேராகப் போகும், ஓட்டுநர் காலை எடுத்தால் பெரும்பாலும் மீளும். பின்பக்கம் வழுக்கினால் கார் சுழலும், அதை மீட்பவர்கள் குறைவு. முன்னும் பின்னும் வெவ்வேறு மாதிரி டயர்களைக் கலப்பதை ஸ்போர்ட்ஸ் காரில் நான் ஒருபோதும் செய்ய மாட்டேன். போர்ஷே வைத்திருப்பவர்களுக்கு ‘N’ என்ற ஆங்கில எழுத்தும் ஓர் இலக்கமும் சேர்ந்த குறி, பி.எம்.டபிள்யூ வைத்திருப்பவர்களுக்கு நட்சத்திரக் குறி என்று, கார் நிறுவனத்தோடு சேர்ந்து சரிசெய்த தனி டயர்கள் உண்டு. ஒரே பெயரில் விற்றாலும் அவற்றின் கலவையும் உட்கட்டும் மாறியிருக்கக்கூடும். அத்தகைய காரில் குறியுள்ள டயரிலிருந்து விலகுவதற்கு வலுவான காரணம் வேண்டும். பஞ்சரானாலும் ஓடும் ரன்ஃப்ளாட் டயர்களோடு வந்த காரைச் சாதாரண டயருக்கு மாற்றினால் சொகுசும் உணர்வும் கூடும்; அதோடு, மாற்றுச் சக்கரம் வைக்க இடமில்லாத அந்தக் காரில் பஞ்சர் மருந்தும் காற்று பம்பும் எப்போதும் இருந்தாக வேண்டும்.

இப்போது 14,000 கிலோமீட்டர் ஆகியிருக்கிறது. சென்ற வாரம் ஆழமானியை வைத்து அளந்தேன்: முன்பக்கம் இரண்டிலும் 5.4 மில்லிமீட்டர், பின்பக்கம் 4.8. பின்டயரின் உள் ஓரமும் வெளி ஓரமும் ஒரே அளவு காட்டின. கையால் இரு பக்கமும் தடவினேன், அரம் போன்ற அந்த உராய்வு இல்லை. ஆண்டுக்குச் சில முறை தடத்துக்குப் போகிறவராக இருந்தால் இந்த டயரை வாங்காதீர்கள். தொடர்ந்து பத்துச் சுற்று ஓட்டினால் சாலை டயரின் ஆழமான பட்டன் சூட்டில் குழைந்துவிடும். அதற்கு வேறு ரிம்மில் வேறு செட் வேண்டும். வேலைக்கும் மழைக்கும் ஞாயிற்றுக்கிழமை மலைப்பாதைக்கும் ஒரே காரை எடுப்பவராக இருந்தால் தயங்காமல் வாங்கலாம். பின்டயர்கள் மூன்று மில்லிமீட்டருக்கு வரும் நாளில், முன்டயர்களில் மிச்சம் இருந்தாலும், நான்கையும் சேர்த்து இதையே மீண்டும் வாங்குவதாக இருக்கிறேன்.